பழைய புல்லட்டின் என்ஜின் மூடிகள்: மெருகேற்றும் கலையும் அதன் எல்லைகளும்

இங்கிலாந்தின் ரெடிச் நகரில் வடிவமைக்கப்பட்ட ராயல் என்ஃபீல்டு புல்லட், 1955ஆம் ஆண்டில் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் ஏற்பட்ட கூட்டின் வழியாக என்ஃபீல்டு இந்தியா என்னும் பெயரில் சென்னைக்கு வந்து, 1956 முதல் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் உருப்பெறத் தொடங்கியது. தொடக்கத்தில் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டும் இடமாக இருந்த அத்தொழிற்சாலை, படிப்படியாகப் பாகங்களைத் தானே செய்யும் நிலைக்கு உயர்ந்தது. வார்ப்பிரும்புச் சிலிண்டர் கொண்ட அதன் என்ஜினோ, அடிப்படை அமைப்பில் பெரிய மாற்றமின்றி 2010ஐ ஒட்டிய ஆண்டுகள் வரை வெளிவந்தது. இவ்வளவு நீண்ட காலம் ஒரே அமைப்பில் வந்ததால், இருபது, முப்பது, ஐம்பது ஆண்டு வயதுடைய புல்லட்டுகள் இன்றும் சாலைகளில் ஓடுகின்றன. அவற்றைப் புதுப்பிப்பவர்கள் பெட்ரோல் டேங்கின் வண்ணத்துக்கும் சைலன்சரின் பளபளப்புக்கும் அடுத்தபடியாகக் கவலைப்படுவது, என்ஜினின் இருபுறமும் அமைந்த அலுமினிய மூடிகளின் மங்கலைப் பற்றியே.

அந்த மங்கலைப் போக்கி மூடிகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது கடினமான வேலை அன்று. ஆனால் அது பலரும் நினைப்பதுபோல் உலோகத்தின் மேல் பளபளப்பைச் சேர்க்கும் வேலையும் அன்று. மெருகேற்றுதல் என்பது, கெட்டுப்போன மேற்பரப்பைச் சிறிது சிறிதாக நீக்கி, அடியில் கெடாமல் இருக்கும் உலோகத்தை வெளிக்கொணர்வது. ஒவ்வொரு முறை மெருகேற்றும்போதும் மூடி சற்றே மெலிகிறது, அதன் விளிம்புகள் சற்றே மழுங்குகின்றன. நீக்கப்பட்ட உலோகத்தைத் திரும்ப வைக்க வழியில்லை. ஆகவே எவ்வளவு நீக்குவது, எங்கே நிறுத்துவது என்ற அளவறிவே இவ்வேலையின் உயிர்.

மூன்று மூடிகளும் அவற்றின் பணிகளும்

பழைய நான்கு கியர் புல்லட்டில் கண்ணில் படும் மூடிகள் முக்கியமாக மூன்று. இடப்புறத்தில் இருப்பது, என்ஜினின் சுழற்சியைக் கிளட்சுக்குக் கொண்டுசெல்லும் சங்கிலியை மூடியிருக்கும் பிரைமரி மூடி. அச்சங்கிலி தனக்கெனத் தனியாக ஊற்றப்பட்ட எண்ணெயில் ஓடுவதால், இந்த மூடி ஓர் எண்ணெய்த் தொட்டியின் வெளிச்சுவராகவும் பயன்படுகிறது. இதைப் பிடித்திருப்பது நடுவே உள்ள ஒரே ஒரு பெரிய நட்டு. எண்ணெய் கசியாமல் காப்பது விளிம்பைச் சுற்றி அமைந்த ரப்பர் வளையம். வலப்புறத்தின் முன்பகுதியில், வால்வுகளை இயக்கும் பற்சக்கரங்களை மூடியிருக்கும் டைமிங் மூடியும், அதன் பின்னால் கியர் லீவரும் கிக்கரும் வெளிவரும் கியர்பெட்டி மூடியும் இருக்கின்றன.

இவற்றுள் டைமிங் மூடியை வெறும் மூடி என்று கருதுவது பெரும் பிழையாக முடியும். எண்ணெயை என்ஜினுக்குள் செலுத்தும் பம்பும், அதைத் திரும்ப இழுக்கும் பம்பும், எண்ணெய் வடிகட்டியும் இந்த மூடியிலேயே இடம்பெற்றுள்ளன; கிராங்க் தண்டுக்குச் செல்லும் எண்ணெய், மூடிக்குள் துளைக்கப்பட்ட மெல்லிய வழிகள் வாயிலாகப் பாய்ந்து, ஒரு சிறு தக்கை அடைப்பைக் கடந்து, பிஸ்டனின் முழு விசையையும் தாங்கும் பிக் எண்ட் பேரிங்கைச் சென்றடைகிறது. மெருகேற்றும்போது உதிரும் தேய்ப்புத் துகள்களில் ஒரு சிட்டிகை அந்த வழிகளில் தங்கிவிட்டாலும், என்ஜின் ஓடத் தொடங்கியதும் அது அந்தப் பேரிங்குக்குள்தான் போய்ச் சேரும். வெளிப்புற அழகுக்காகச் செய்யப்படும் வேலை என்ஜினின் ஆயுளையே தொடக்கூடியது என்பதை இந்த ஒரு மூடியே உணர்த்திவிடும்.

அலுமினியம் ஏன் மங்குகிறது

இம்மூடிகள் தூய அலுமினியத்தால் ஆனவை அல்ல. உருகிய அலுமினியம் அச்சின் மூலைமுடுக்குகளையெல்லாம் சீராக நிரப்ப வேண்டும் என்பதற்காக, அதனுடன் கணிசமான அளவு சிலிக்கானைக் கலப்பது வார்ப்புத் தொழிலின் வழக்கம். தூய அலுமினியம் 660 டிகிரி செல்சியசில் உருகும். ஏறத்தாழ 12 விழுக்காடு சிலிக்கான் சேர்ந்த கலவை 577 டிகிரியிலேயே உருகிவிடும், குளிர்ந்து இறுகும்போது விரிசல் விடுவதும் குறையும். வார்ப்புக்கு நன்மை தரும் இந்தச் சிலிக்கானே பின்னாளில் மெருகேற்றுபவருக்குச் சில இடையூறுகளையும் தருகிறது: கடினமான சிலிக்கான் துகள்களும் மென்மையான அலுமினியமும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை, வார்ப்பினுள் சிக்கிய நுண்ணிய காற்றுக்குழிகள், மேற்பரப்பு தேயத் தேய ஒவ்வொன்றாக வெளிப்படுகின்றன.

காற்றுப் பட்ட உடனே அலுமினியத்தின் மேல் சில நானோமீட்டர் தடிமனே உடைய ஆக்சைடு படலம் ஒன்று உருவாகிவிடுகிறது. இரும்பின் துருவைப் போல உதிராமல் உலோகத்துடன் இறுகப் பற்றிக்கொண்டு, கீழே உள்ள உலோகத்தை மேலும் கெடாமல் காப்பது இப்படலமே. வலுவான அமிலமும் வலுவான காரமும் அதைக் கரைத்துவிடும். உப்பில் உள்ள குளோரைடு அதைப் புள்ளி புள்ளியாகத் துளைத்து உள்ளே இறங்கும். கடற்கரையை ஒட்டிய சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற ஊர்களில் மழைக்காலம் முழுவதும் மூடாமல் நிறுத்தப்பட்ட வண்டியின் மூடிகளில் வெண்ணிறப் பொடியும், அதைத் துடைத்தால் சிறு குழிகளும் தென்படுவதற்குக் காரணம் இதுதான். இவற்றுடன், கியர் மாற்றும் காலின் செருப்போ பூட்ஸோ ஆண்டுக்கணக்காக உரசுவதும், சாலைச் சரளைக் கற்கள் தெறிப்பதும், மெக்கானிக்கின் ஸ்க்ரூடிரைவர் நழுவிக் கீறுவதும் சேர்ந்தே ஒரு மூடியின் மேற்பரப்பைத் தேய்ந்ததாக்குகின்றன.

கழற்றுதலும் தூய்மை செய்தலும்

மூடியை வண்டியிலேயே வைத்துக்கொண்டு தேய்ப்பது தூசியை என்ஜினுக்குள் அனுப்புவதற்கு ஒப்பாகும் என்பதால், எண்ணெயை வடித்துவிட்டு மூடிகளைக் கழற்றுவதே முறை. பிரைமரி மூடியைக் கழற்றுமுன் இடப்புறக் கால்மிதியையும் பிரேக் பெடலையும் அகற்ற வேண்டியிருக்கும். மற்ற மூடிகளின் திருகுகள் வெவ்வேறு நீளம் உடையவையாக இருப்பதால், ஓர் அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, கழற்றும் வரிசையிலேயே ஒவ்வொரு திருகையும் அதன் இடத்தில் குத்தி வைக்கும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. நீளமான திருகு தவறான துளையில் புகுந்து வார்ப்பை உடைக்கும் விபத்தை இது தவிர்க்கிறது.

எஃகுத் திருகும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருக்கும்போது அவற்றிடையே மின்வேதி வினை நிகழ்ந்து, அலுமினியம் அரிக்கப்பட்டு, அந்த விளைபொருள் மரைகளுக்கிடையே புகுந்து திருகை இறுக்கிவிடும். இத்தகைய திருகை முரட்டு விசையால் திருப்பினால் தலை மழுங்கும் அல்லது தண்டு முறியும். அலுமினியம் சூட்டில் எஃகைப் போல் ஏறத்தாழ இருமடங்கு விரியும் என்பதால், எண்ணெய் ஊடுருவ நேரம் கொடுத்தபின் திருகைச் சுற்றியுள்ள பகுதியை அளவாகச் சூடாக்கினால் பிடி தளரும். மூடியும் என்ஜினும் சேரும் இடத்தில் இருக்கும் பழைய காகிதக் கேஸ்கெட்டை உளியால் சுரண்டக் கூடாது. அந்தத் தட்டையான பரப்பில் விழும் ஒரு கீறலே நிரந்தர எண்ணெய்க் கசிவுக்கு வழியாகிவிடும் என்பதால், மரத்தகடோ பிளாஸ்டிக் தகடோ கொண்டு பொறுமையாக எடுப்பதே நல்லது.

அடுத்து, மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு பிசுக்கை நீக்கிச் சோப்பு நீரில் கழுவ வேண்டும். காஸ்டிக் சோடா கலந்த அடுப்படித் துப்புரவுப் பொருள்களைப் பயன்படுத்துவது பெருந்தவறு. அக்காரம் காப்புப் படலத்தைக் கரைத்து, ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றியபடி உலோகத்தையே தின்று கருக்கிவிடும். ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் கலந்த சில அலுமினியத் துப்புரவுத் திரவங்கள் நொடியில் வெண்மையைத் தந்தாலும், தோலில் பட்ட உடனே வலி தெரியாமலே ஆழமாக இறங்கி உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடிய நஞ்சு அது என்பதால், வீட்டிலும் சிறு பட்டறையிலும் அதற்கு இடம் தரலாகாது.

மணலை வேகமாகப் பீச்சித் தூய்மை செய்யும் சாண்ட் பிளாஸ்டிங்கும் இம்மூடிகளுக்கு ஏற்றதன்று. அது மென்மையான அலுமினியத்தைச் சொரசொரப்பாக்கிவிடும். மணல் துகள்கள் உலோகத்தில் பதிந்தும், எண்ணெய் வழிகளில் ஒளிந்தும் தங்கிவிடும். நுண்ணிய கண்ணாடி மணிகளை நீருடன் கலந்து பீச்சும் வேப்பர் பிளாஸ்டிங் என்னும் முறை இவ்வளவு கடுமையானதன்று. புதிதாக வார்த்தது போன்ற மென்மையான வெண்சாம்பல் தோற்றத்தை அது தருவதால், மெருகேற்றப்படாத கிராங்க் பெட்டி போன்ற பாகங்களுக்கு அதுவே பொருத்தம். எண்ணெய் வழிகளை முதலில் அடைத்து, பின்னர் நீரும் காற்றும் செலுத்திக் கழுவும் ஒழுங்கு இம்முறைக்கும் கட்டாயம்.

பழுது நீக்குதல்

மெருகுக்கு முன் பழுதுகளைக் கவனிக்க வேண்டும். மேலோட்டமான கீறல்கள் தேய்ப்பில் மறையும். ஆழமான வெட்டு ஒன்றை முற்றிலும் மறைப்பதற்காகச் சுற்றியுள்ள பரப்பு முழுவதையும் அந்த ஆழத்துக்குக் கொண்டுவருவது மூடியை வீணாக மெலியச் செய்யும். அத்தகைய இடத்தையும் விரிசலையும் ஆர்கான் வெல்டிங் எனப்படும் முறையில், காற்றுப் படாதபடி ஆர்கான் வாயுவின் காப்பில் உலோகத்தை உருக்கி நிரப்பலாம். பல்லாண்டு எண்ணெயில் ஊறிய வார்ப்பின் நுண்குழிகளில் எண்ணெய் தங்கியிருப்பதால், நன்கு கழுவி முன்கூட்டியே சூடாக்கி அதை வெளியேற்றாவிட்டால் வெல்டிங் கொப்பளித்துக் கெடும். நிரப்பிய இடத்தை அரத்தால் சமப்படுத்தும்போது, அலுமினியம் அரத்தின் பற்களில் அடைத்துக்கொண்டு புதிய கோடுகளைக் கிழிக்காதிருக்க, அரத்தின் மேல் சுண்ணாம்புக்கட்டியைத் தேய்த்துக்கொள்வது தொழிலாளர்களின் பழைய உத்தி. தேய்ந்துபோன திருகு மரைகளைச் சற்றுப் பெரிதாகத் துளைத்து, ஹெலிகாயில் எனப்படும் எஃகுச் சுருளைப் பொருத்தி மீட்கலாம். அந்தச் சுருள் முதலில் இருந்த மரையைவிட உறுதியாகவே நிற்கும்.

தேய்த்தலின் ஒழுங்கு

ஒரு பரப்பு கண்ணாடியைப் போல் ஒளிர வேண்டுமானால், அதன் மேல் உள்ள மேடுபள்ளங்கள் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியவையாக வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அவ்வளவு நுண்மையை ஒரே தாவலில் எட்ட முடியாது என்பதால், கரடான தாளில் தொடங்கி, அது விட்ட கீறல்களை அடுத்த நுண்தாளால் நீக்கி, அந்தத் தாளின் கீறல்களை அதற்கும் நுண்ணிய தாளால் நீக்கிக்கொண்டே போவது தேய்த்தலின் அடிப்படை. நீர் தொட்டுத் தேய்க்கப் பயன்படும், பட்டறைகளில் வாட்டர் பேப்பர் என வழங்கும் உப்புத்தாளில் அச்சிட்டிருக்கும் எண் கூடக் கூடத் துகள் நுண்மையாகும்: 240 எண் தாளின் துகள் சராசரியாக 58 மைக்ரான், 400 எண்ணில் 35, 1000 எண்ணில் 18, 2000 எண்ணில் 10 மைக்ரான்.

பெரிய சேதம் இல்லாத மூடிக்கு 400 எண்ணிலிருந்தே தொடங்கலாம். குழிகள் விழுந்திருந்தால் மட்டுமே 240 அல்லது 320 தேவைப்படும். தேவைக்கு மேல் கரடான தாளில் தொடங்குபவர், மூடியில் இருந்த கீறல்களைவிட ஆழமான கீறல்களைத் தாமே உண்டாக்கி, அவற்றை நீக்க மேலும் உலோகத்தை இழக்கிறார். ஒவ்வொரு நிலையிலும் தேய்க்கும் திசையை முந்தைய திசைக்குக் குறுக்காக மாற்றிக்கொண்டால், பழைய கோடுகள் முழுவதும் மறைந்தனவா என்பது உடனே தெரிந்துவிடும். மறையாமல் அடுத்த தாளுக்குப் போனால், இறுதி மெருகில் அந்தக் கோடுகளே முன்னைவிடத் தெளிவாகத் தெரியும். வளைந்த பரப்பில் விரல் நுனியால் அழுத்தித் தேய்த்தால் பள்ளங்கள் விழும் என்பதால், தாளை வளைவுக்கு இசைந்து கொடுக்கும் ரப்பர் கட்டையில் சுற்றித் தேய்ப்பது நல்லது. மூடியில் புடைத்து நிற்கும் பெயரெழுத்துகளும் விளிம்புக் கோடுகளும் மற்ற இடங்களைவிட விரைவில் தேய்வதால், அவற்றை ஒட்டிய இடங்களில் கையை இலேசாக வைக்க வேண்டும். எழுத்து மழுங்கிய மூடி எவ்வளவு ஒளிர்ந்தாலும், அது தன் அடையாளத்தை இழந்த மூடியே.

தாளின் வேலை முடிந்தபின் பஃபிங் தொடங்குகிறது. தைத்த பருத்தித் துணிச் சக்கரத்தில் பழுப்பு நிற டிரிபோலிக் கட்டியைத் தேய்த்து முதல் சுற்றும், தைக்காத மென்மையான துணிச் சக்கரத்தில் அலுமினிய ஆக்சைடு கலந்த வெள்ளைக் கட்டியால் இறுதிச் சுற்றும் நடைபெறும். ஒரு கட்டிக்குப் பயன்பட்ட சக்கரத்தை மற்றொன்றுக்குப் பயன்படுத்தினால் கரடான துகள் கலந்து வேலை கெடும். மூடியைச் சக்கரத்தின் நடுக்கோட்டுக்குக் கீழே, விளிம்பு சக்கரம் சுழன்று விலகும் பக்கமாக இருக்கும்படி பிடிக்க வேண்டும். எதிர்ப்புறமாகப் பிடித்தால் சக்கரம் விளிம்பைக் கவ்வி மூடியைக் கையிலிருந்து பறித்து வீசிவிடும். தளர்ந்த சட்டைக்கை, துண்டு, அவிழ்ந்த தலைமுடி ஆகியவற்றுக்கு இந்த இயந்திரத்தின் அருகே இடமில்லை. கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம். நுண்ணிய அலுமினியத் தூள் தீப்பற்றக்கூடியது. இரும்புத் துருவுடன் கலந்து பொறி பட்டால் கடுமையாக எரியும் என்பதால், அலுமினியத் தூசி படிந்த இயந்திரத்தில் இரும்பைச் சாணை பிடிக்கக் கூடாது, தூசியை நாள்தோறும் அகற்றிவிட வேண்டும்.

எந்தப் பூச்சு பொருந்தும்

மெருகேறிய அலுமினியத்தை அப்படியே விடுவதா, அதன் மேல் ஏதேனும் பூசுவதா என்பது அடுத்த கேள்வி. 1969இல் விற்பனைக்கு வந்த ஹோண்டா சிபி 750 போன்ற ஜப்பானிய வண்டிகளின் மூடிகளுக்கு மெருகின் மேல் நிறமற்ற தெளிபூச்சு பூசப்பட்டிருந்தது. அது புதிதில் பராமரிப்பைக் குறைத்தாலும், கல் தெறித்த ஓரிடத்தில் ஈரம் புகுந்ததும், பூச்சுக்கு அடியில் வெண்மையான அரிப்பு இழையிழையாகப் பரவும். பூச்சு முழுவதையும் நீக்காமல் அதைச் சரிசெய்ய முடியாது. வழவழப்பான பரப்பில் பூச்சின் பிடிப்பும் குறைவு.

குரோமிய முலாம் பூசுவதற்கு, அலுமினியத்தின் ஆக்சைடு படலத்தை நீக்கி, துத்தநாகப் படலம் ஒன்றை இட்டு, அதன் மேல் செம்பு, நிக்கல், குரோமியம் என அடுக்கடுக்காக ஏற்ற வேண்டும்; நுண்குழிகள் நிறைந்த பழைய வார்ப்பில் ஏதேனும் ஓர் அடுக்கு பிடிக்காவிட்டால் முலாம் கொப்பளித்து உரியும். மின்வேதி முறையில் ஆக்சைடு படலத்தைத் தடிமனாக்கும் அனோடைசிங், சிலிக்கான் மிகுந்த வார்ப்பில் ஒளியைத் தராமல் மங்கிய சாம்பல் நிறத்தையே தரும். 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சுட்டு உருக்கும் பவுடர் கோட்டிங் உறுதியானதே. ஆயினும் வார்ப்பின் குழிகளில் சிக்கிய எண்ணெயும் காற்றும் சூட்டில் வெளியேறிப் பூச்சில் துளைகள் இடாதிருக்க, மூடியை முன்கூட்டியே ஒருமுறை சுட்டெடுக்க வேண்டும். வண்ணம் பூசப்பட்ட மூடிகள் உள்ள வண்டிகளுக்கு அது பொருந்தலாம். மெருகோடு பிறந்த புல்லட்டுக்கு அது வேற்றுத் தோற்றத்தையே தரும்.

இவற்றையெல்லாம் ஒப்பிட்டு நோக்கினால், அடிக்கடி ஓட்டப்படும் பழைய புல்லட்டுக்குப் பூச்சில்லாத மெருகே மேலானது. அதன் மேல் மெழுகைப் பூசித் துடைத்துவைத்தால் ஈரமும் உப்பும் உலோகத்தைத் தொடும் நேரம் குறையும். மழையில் நனைந்த வண்டியை நன்னீரால் கழுவித் துடைப்பதும், மங்கல் தொடங்கும்போதே மெல்லிய பாலிஷ் பசையால் கையால் தேய்ப்பதும் மீண்டும் உப்புத்தாளை எடுக்கும் தேவையைப் பல ஆண்டுகளுக்குத் தள்ளிப்போடும்.

மீண்டும் பூட்டுதல்

மெருகு முடிந்த மூடியை மண்ணெண்ணெயிலும் பின்னர் வெந்நீர்ச் சோப்பிலும் கழுவி, ஒவ்வோர் எண்ணெய் வழியிலும் அழுத்தக் காற்றைச் செலுத்தி, மறுமுனையில் துகளற்ற காற்று வருவதை உறுதிசெய்ய வேண்டும். டைமிங் மூடியின் பம்புத் தட்டுகள் தத்தம் இருக்கையோடு இழைந்து பொருந்தியவை என்பதால், அவற்றை மாற்றிப் பொருத்தக் கூடாது. தக்கை அடைப்பையும் கேஸ்கெட்டுகளையும் புதிதாக இட வேண்டும். பல திருகுகள் உள்ள மூடியில் அவற்றை எதிரெதிர் வரிசையில் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். பிரைமரி மூடியின் ஒற்றை நட்டை அளவுக்கு மேல் முறுக்கினால் மூடி வளைந்து எண்ணெய் கசியும். அங்கே கசிவை நிறுத்துவது நல்ல ரப்பர் வளையமேயன்றிக் கையின் வலிமை அன்று. பம்புகள் கழற்றப்பட்ட என்ஜினில் எண்ணெய் வழிகள் காலியாக இருக்கும் என்பதால், அவற்றில் எண்ணெயை நிரப்பி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிக்கரை மெதுவாகப் பலமுறை மிதித்து, எண்ணெய் சுழல்வதைக் கண்டபின்பே என்ஜினை இயக்க வேண்டும்.

பழைய வண்டியைப் புதுப்பிக்கும் ஆர்வத்தில், தொழிற்சாலை மெருகேற்றாத கிராங்க் பெட்டியையும் வார்ப்பின் இயல்பான சொரசொரப்புள்ள பிற பகுதிகளையும் சேர்த்துப் பளபளக்கச் செய்பவர்கள் உண்டு. மெருகேறிய மூடியும் மெருகேறாத உடலும் அருகருகே நிற்பதே அந்த என்ஜினின் தோற்றத்துக்கு அழகு தந்தது. இரண்டும் ஒன்றுபோல் ஒளிர்ந்தால் அந்த வேறுபாடு மறைந்து, மூடிகளின் வடிவமும் எடுபடாமல் போகும். மூடியின் உட்புறத்தையோ கேஸ்கெட் பரப்பையோ மெருகேற்றுவதில் பயனில்லை, கேடு உண்டு. ஆகவே தொழிற்சாலை மெருகேற்றிய இடத்தை மட்டும், அதன் விளிம்பும் எழுத்தும் கெடாத அளவுக்கு மட்டும் மெருகேற்றி, ஆழமான ஓரிரு தழும்புகள் எஞ்சினால் அவற்றை வண்டியின் வயதுக்குரியவையாக ஏற்றுக்கொள்வதே முறையான புதுப்பித்தல். அப்படி உலோகத்தை மிச்சம் வைத்துச் செய்யப்பட்ட மூடியை, இன்னும் இருபது ஆண்டுகள் கழித்து அடுத்த உரிமையாளரும் ஒருமுறை மெருகேற்ற முடியும்.